முன்சக்கரம் தரையை விட்ட பிறகு: வீலியில் வண்டி ஏன் விலகுகிறது, எப்படி நிலைக்கிறது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 200 சிசி வண்டி வைத்திருக்கிறீர்கள். இரண்டாவது கியரில் முன்சக்கரத்தைத் தூக்கிப் பின்சக்கரத்தில் மட்டும் ஓட்ட, அதாவது வீலி செய்ய, வருகிறது. ஆனால் எழுந்த ஓரிரு நொடிகளிலேயே வண்டி இடப்பக்கம் சாய்ந்து விலகுகிறது. சற்று உயரம் கூடினால் பயத்தில் த்ராட்டிலை (ஆக்ஸிலரேட்டரை) மூடிவிடுகிறீர்கள், முன்பக்கம் தரையில் அறைந்தாற்போல் விழுகிறது. ஸ்டீயரிங் டேம்பர் (ஹேண்டிலின் திடீர் ஆட்டத்தை அடக்கும் கருவி) பொருத்து என்கிறார் ஒருவர், பின்பக்கம் அகலமான டயர் போடு என்கிறார் இன்னொருவர், டயரில் காற்றைக் குறை என்கிறார் மூன்றாமவர். இவற்றில் எது வண்டியை நிலையாக நிறுத்தும் என்று கேட்டிருக்கிறீர்கள். எதை வாங்குவது என்ற கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால் இன்னொன்றைப் பார்க்க வேண்டும்: இரண்டு சக்கரமும் தரையில் இருந்தபோது அவ்வளவு சாதுவாக ஓடிய வண்டி, முன்சக்கரம் எழுந்ததும் ஏன் அந்நியமாக நடந்துகொள்கிறது?

நான் இயந்திரப் பொறியியல் படித்தவன். 14 ஆண்டுகளாக, மூடப்பட்ட பயிற்சித் திடல்களில் வீலி பழகியும் பழக்கியும் வருகிறேன். என் அனுபவம் பெரும்பாலும் 125 முதல் 400 சிசி வரையிலான இலகுவான வண்டிகளில்தான். லிட்டர் வகுப்பு (ஏறத்தாழ 1000 சிசி) பெரிய வண்டிகளில் சில முறை மட்டுமே ஏறியிருக்கிறேன். அவற்றின் குணம் பற்றி நான் சொல்வதைச் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியையும் நீங்கள் அமரும் விதத்தையும் நான் பார்க்கவில்லை என்பதும் ஒரு குறைதான். ஒரு நாள் நேரில் நின்று பார்ப்பது பத்துப் பக்கம் எழுதுவதைவிட மேல்.

ஓடுகிற இருசக்கர வண்டி தானாகவே நிமிர்ந்து நிற்கக் காரணம் ஒரு எளிய பழக்கம்: சாயும் பக்கமே முன்சக்கரம் திரும்புகிறது. இடப்பக்கம் சாய்ந்தால் ஹேண்டில் சற்று இடப்பக்கம் திரும்பும். சக்கரங்கள் அந்தப் பக்கம் நகர்ந்து, சாயும் எடையின் அடியில் போய் நிற்கும். வண்டி நிமிரும். சுழலும் சக்கரம் தன் அச்சின் திசை மாறுவதை எதிர்க்கும் கைரோஸ்கோப் விசைதான் வண்டியைத் தாங்குகிறது என்று பலரும் நம்புகிறார்கள். டேவிட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர், எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தைப் பொருத்தி அந்த விசையைக் கழித்துவிட்ட சைக்கிளை ஓட்டிப் பார்த்து, அதையும் ஓட்ட முடிகிறது என்று 1970இல் எழுதினார். 2011இல் அமெரிக்க, டச்சு ஆய்வாளர்கள் சேர்ந்து, கைரோஸ்கோப் விளைவும் முன்சக்கரத்தின் 'டிரெயில்' என்ற வடிவ அமைப்பும் (ஹேண்டில் திரும்பும் அச்சை நீட்டினால் அது தரையைத் தொடும் புள்ளிக்குச் சற்றுப் பின்னால் டயர் தரையைத் தொடுவது) உதவாத ஒரு சிறிய சைக்கிளைச் செய்து, ஆள் இல்லாமலே அது நிமிர்ந்து ஓடுவதைக் காட்டினார்கள். காரணம் ஒன்றல்ல, பல. ஆனால் அவை எல்லாம் கடைசியில் செய்வது ஒரே வேலை: சாயும் பக்கம் முன்சக்கரத்தைத் திருப்பித் தரையை உதைக்க வைப்பது. முன்சக்கரம் தரையில் இல்லாவிட்டால் அந்த வேலை அப்படியே நின்றுவிடுகிறது. ஹேண்டில் எப்படித் திரும்பினாலும் டயர் காற்றைத்தான் தொடுகிறது. வண்டியின் சொந்த நிலைத்தன்மை அந்தக் கணத்தோடு முடிந்துவிடுகிறது. மிச்சம் இருப்பது நீங்கள் மட்டும். இனி நான் சொல்லப்போவது எல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

வீலியில் வண்டி இரண்டு விதமாக விழலாம்: முன்பின்னாக, பக்கவாட்டில். நீங்கள் பக்கவாட்டு விலகலைக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் முன்பின் நிலை கைக்கு வராதவரை பக்கவாட்டு நிலை வராது என்பது நான் திரும்பத் திரும்பப் பார்த்தது. அதனால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வண்டியும் ஆளும் சேர்ந்த மொத்த எடையின் ஈர்ப்பு மையம், பின்சக்கர அச்சுக்கு 650 மி.மீ. முன்னால், தரையிலிருந்து 650 மி.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் டயரின் ஆரம் 300 மி.மீ. நடுத்தர வண்டிகளுக்கு இது ஏறத்தாழப் பொருந்தும். முன்சக்கரம் தரையை விட்டு எழ, வண்டி புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமான அளவில் முடுக (வேகம் கூட) வேண்டும். 15 பாகை எழுந்த பிறகு அதே உயரத்தில் தாங்கி நிற்க அதில் மூன்றில் இரண்டு பங்கு போதும். 30 பாகையில் 42 சதவீதம். 45 பாகையில் 21 சதவீதம். 62 பாகையை நெருங்கும்போது தேவை பூஜ்யம். ஈர்ப்பு மையம் பின் அச்சுக்கு நேர் மேலே வந்துவிட்ட இடம் அது. வீலி ஓட்டுபவர்கள் 'பேலன்ஸ் பாயிண்ட்' என்று சொல்வது இதைத்தான். அதைத் தாண்டினால் முடுக்கமே வேண்டாம், எடையே வண்டியைப் பின்னால் கவிழ்க்கும். பாகைகள் வண்டிக்கு வண்டி, அமரும் இடத்துக்கு இடம் மாறும். சற்றுப் பின்னால் தள்ளி உட்கார்ந்தாலே சமநிலைப் புள்ளி கீழே இறங்கிவிடும். ஆனால் தேவை குறைந்துகொண்டே போகிறது என்ற போக்கு எல்லா வண்டிக்கும் ஒன்றுதான்.

இந்த எண்களில் ஒளிந்திருக்கும் ஆபத்தைக் கவனியுங்கள். சக்கரத்தைத் தூக்க நீங்கள் திருகிய அதே த்ராட்டிலை அப்படியே பிடித்திருந்தால், எழ எழ அது தேவைக்கு மேல் மிகுதியாகிக்கொண்டே போகும். மிகுதி கூடக் கூட முன்பக்கம் இன்னும் வேகமாக எழும். அதாவது தூக்கிய கை, தூக்கிய மறுகணமே தளரத் தொடங்க வேண்டும். புதிதாகப் பழகுபவர்களின் கை இதற்கு நேர் எதிராக நடந்துகொள்கிறது. முன்பக்கம் எழும்போது உடல் பின்னால் சாய்கிறது, கை ஹேண்டிலில் தொங்குகிறது, தொங்கும் மணிக்கட்டு த்ராட்டிலை இன்னும் திருகிவிடுகிறது. பின்னால் கவிழ்ந்த பலரிடம் பேசியிருக்கிறேன். அவர்களில் யாரும் வேண்டுமென்று அவ்வளவு திருகவில்லை. அதனால்தான் முழங்காலால் டேங்கை இறுக்கிப் பிடி, கையில் எடையைப் போடாதே என்று முதல் நாளிலிருந்தே நச்சரிப்பேன்.

உள்ளங்கையில் ஒரு கம்பை நிமிர்த்தி நிறுத்தும் விளையாட்டு எல்லாருக்கும் தெரியும். கம்பு சாயும் பக்கம் கையை நகர்த்துகிறோம். வீலியும் அதேதான்: கைக்குப் பதில் பின்சக்கரம். முன்பக்கம் விழப் பார்த்தால் பின்சக்கரத்தை முன்னால் ஓட்டி அடியில் கொண்டுவருகிறோம், அதுதான் த்ராட்டில். பின்பக்கம் கவிழப் பார்த்தால் பின்சக்கரத்தைத் தயங்க வைக்கிறோம், அதுதான் பின் பிரேக். மேலே சொன்ன அளவுள்ள வண்டிக்குக் கணக்கிட்டால், சமநிலைப் புள்ளியிலிருந்து ஏற்படும் விலகல் ஏறத்தாழக் கால் நொடிக்கு ஒரு முறை இரட்டிப்பாகிறது. கண்டதும் கை அசைய மனிதனுக்கு ஏறக்குறைய 0.2 நொடி ஆகும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யோசித்துச் செய்ய நேரமே இல்லை. கை, கால் இரண்டும் ஏற்கெனவே தயாராக இருக்க வேண்டும், திருத்தங்கள் சின்னச் சின்னதாக, இடைவிடாமல் நடந்துகொண்டிருக்க வேண்டும். நன்றாக வீலி ஓட்டுபவரின் வலது கையைக் கூர்ந்து பாருங்கள். அசையாமல் இருப்பதுபோல் தோன்றும் அந்தக் கை ஒரு கணம்கூடச் சும்மா இருப்பதில்லை.

இங்கே ஒரு முரண் இருக்கிறது, அதைப் புரிந்துகொண்டவர்கள் வேகமாக முன்னேறுகிறார்கள். புதியவர்கள் உயரத்துக்குப் பயந்து தாழ்வாகவே வைத்திருக்கப் பார்க்கிறார்கள். ஆனால் தாழ்வான வீலிதான் எல்லாவற்றிலும் நிலையற்றது. 30 பாகையில் நிற்க வேண்டுமானால் வண்டி ஒவ்வொரு நொடியும் மணிக்கு 15 கி.மீ. வேகம் கூட்டிக்கொண்டே போக வேண்டும். 30 கி.மீ. வேகத்தில் தொடங்கியவர் நான்கு நொடியில் 90ஐத் தொட்டிருப்பார். அதற்கு முன்பே எஞ்சினின் இழுவை தீர்ந்துவிடும் அல்லது சுழற்சி வரம்பில் எரிபொருள் வெட்டுப்பட்டுவிடும். முன்பக்கம் பொத்தென்று விழும். நீங்கள் சொன்ன 'அறைந்து விழுவது' எப்போதும் பயத்தால் மட்டும் வருவதில்லை, 200 சிசி எஞ்சினின் எல்லையாலும் வருகிறது. சமநிலைப் புள்ளிக்கு அருகே போனால்தான் எஞ்சினுக்கு ஓய்வு, வேகம் கூடாமல் ஓட வழி. ஆனால் அங்கே போகும் துணிச்சல் கையிலிருந்து வராது. வலது காலிலிருந்து வரும்.

ஆகவே பின் பிரேக். எனக்கு ஒன்றே ஒன்றைச் சொல்ல அனுமதி உண்டு என்றால் இதைத்தான் சொல்வேன்: தூக்கப் பழகுவதற்கு முன் இறக்கப் பழகுங்கள். த்ராட்டிலை மூடினாலும் எஞ்சின் பிரேக்கிங்கால் (எஞ்சினே பின்சக்கரத்தை மெதுவாக்குவதால்) முன்பக்கம் இறங்கும், அது உண்மை. ஆனால் அது தாமதமானது, கியருக்கு ஏற்ப மாறுவது. சமநிலைப் புள்ளியைத் தாண்டிவிட்ட பிறகு போதாமலும் போகலாம். அந்த நேரத்தில் கிளட்சைப் பிடித்துவிட்டால் எஞ்சின் பிரேக்கிங்கும் கிடையாது, அப்படியே கவிழ வேண்டியதுதான். பின் பிரேக் மட்டும்தான் அந்தப் பக்கத்திலிருந்தும் வண்டியைத் திரும்பக் கொண்டுவரும் உறுதியான கருவி. டயருக்கும் தரைக்கும் இடையே பின்னோக்கி இழுக்கும் விசை, மேலே இருக்கும் எடையை முன்னால் சாய்க்கிறது. பெடலை லேசாகத் தொட்டால் முன்பக்கம் இரண்டு விரல் அளவு இறங்கும், அழுத்தி மிதித்தால் உடனே கீழே வரும்.

நான் பழக்கும் முறை இது. நேரான, தட்டையான, காலியான தளத்தில் முதல் சில நாட்கள் சக்கரத்தை ஒரு சாண் மட்டும் தூக்க வேண்டும். தூக்கிய ஒவ்வொரு முறையும், தேவை இருக்கிறதோ இல்லையோ, பின் பிரேக்கால்தான் இறக்க வேண்டும். த்ராட்டிலை மூடி இறக்கினால் அந்த முயற்சி கணக்கில் சேராது. நூற்றுக்கணக்கான முறை இப்படிச் செய்த பிறகு, முன்பக்கம் எழும் உணர்வு வந்ததும் கால் தானாகவே பெடலைத் தேடும். இந்தப் பிணைப்பு உருவாகாமல் உயரத்தைக் கூட்டியவர்கள், பிரேக் வேண்டிய அந்த ஒரு கணத்தில் அதை மறந்துவிடுவதைக் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். பயிற்சித் திடல்கள் சிலவற்றில், வண்டியை உருளைகள் மேல் ஏற்றிச் சங்கிலியால் கட்டி வைத்து, இருந்த இடத்திலேயே வீலி பழகும் சட்டகம் இருக்கும். கிடைத்தால் தவறவிடாதீர்கள். கவிழும் பயம் இல்லாமல் கால் பழகிவிடும்.

இனி நீங்கள் கேட்ட இடப்பக்க விலகல். இதில் எனக்கு நல்ல நிச்சயம் உள்ளதைச் சொல்கிறேன்: பெரும்பாலான நேரங்களில் வண்டி வளைந்திருக்காது, ஓட்டுபவர் வளைந்திருப்பார். என்னுடைய கதையே அதுதான். பழகத் தொடங்கிய முதல் ஆண்டில் என் வண்டியும் ஐந்து மாதம் இடப்பக்கமே போனது. சக்கர நேர்ச்சையை (இரு சக்கரமும் ஒரே கோட்டில் இருப்பதை) சரிபார்த்தேன், ஸ்டீயரிங் பேரிங்கை மாற்றினேன், ஸ்விங்ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) புஷ் மாற்றினேன். ஒன்றும் மாறவில்லை. பிறகு ஒரு நண்பர் பின்னாலிருந்து எடுத்த வீடியோவைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பின் பிரேக்குக்காக வலது காலை ஃபுட்பெக்கிலிருந்து (கால் வைக்கும் கட்டையிலிருந்து) எடுத்து, பெடலுக்கு மேலே அந்தரத்தில் வைத்திருந்தேன். முழு எடையும் இடது காலில். இடுப்பு இடப்பக்கம் வழுகியிருந்தது, வலது முழங்கால் டேங்கை விட்டு விலகியிருந்தது. வலது பாதத்தின் நடுப்பகுதியை ஃபுட்பெக்கில் ஊன்றி, விரல்பகுதி மட்டும் பெடலைத் தொடும்படி பெடல் உயரத்தை மாற்றினேன். ஒரே வாரத்தில் விலகல் பெருமளவு மறைந்தது. உங்களுக்கும் இதுதான் காரணம் என்று பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இடப்பக்கம் விலகுகிறது என்று யார் சொன்னாலும் நான் முதலில் பார்ப்பது வலது காலைத்தான்.

அடுத்து பார்க்க வேண்டியது கைகள். ஹேண்டிலை இழுத்துத் தூக்கப் பார்த்தால் இரண்டு கையும் ஒரே அளவில் இழுப்பது அரிது. கிளட்ச் விரல்கள் இடக்கையில், த்ராட்டில் வலக்கையில் என்பதால் வலிமை எப்போதும் ஒருபக்கம் சாயும், சக்கரம் கோணலாகவே தரையை விடும். எஞ்சினின் இழுவை தூக்கட்டும், கை வழிகாட்டினால் போதும். பிறகு கண். முன்பக்கம் எழுந்து பார்வையை மறைத்ததும் பலர் தலையை ஒரு பக்கம் சாய்த்து எட்டிப் பார்க்கிறார்கள். தலை போன பக்கம் தோள் போகிறது, தோள் போன பக்கம் வண்டி போகிறது. தளமும் ஒரு காரணமாகலாம். தண்ணீர் வடிவதற்காகப் பாதைகளை நடுவில் உயர்த்தி ஓரத்தில் தாழ்த்திக் கட்டுவார்கள். அந்தச் சரிவில் நின்று தொடங்கினால் தொடக்கத்திலேயே சாய்வு இருக்கும். எதிர்த்திசையிலும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். விலகல் பக்கம் மாறினால் குற்றம் தளத்துடையது. கிராங்க் தண்டு நீளவாக்கில் அமைந்த சில வண்டிகளில், உதாரணமாக பிஎம்டபிள்யூவின் பாக்ஸர், மோட்டோ குஸியின் வி-ட்வின் வகைகளில், த்ராட்டில் திருகும்போது எஞ்சினே வண்டியை ஒரு பக்கம் சற்றுத் திருகும். வழக்கமான 200 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டியில் தண்டு குறுக்காக இருக்கும், அதனால் அந்தச் சந்தேகத்தைத் தாராளமாக விட்டுவிடலாம்.

விலகத் தொடங்கிய பிறகு எப்படித் திருத்துவது? சாயும் வண்டியின் பின் டயர், அகலத்தில் உருண்டையாக இருப்பதால், சாய்ந்த பக்கமே வளைந்து ஓடுகிறது. வேகம் இருந்தால் அந்த வளைவு கொஞ்சம் தாங்கிக் கொடுக்கும். மீதியை உங்கள் உடல் செய்ய வேண்டும். வண்டி இடப்பக்கம் போனால் வலது ஃபுட்பெக்கை மிதித்து, வலது முழங்காலை வெளியே விட்டு, இடுப்பை வலப்பக்கம் நகர்த்துகிறோம். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை, ஆயிரம் முறை வேலை செய்திருக்கிறது. ஹேண்டிலைத் திருப்புவது பற்றித்தான் ஓட்டுபவர்களுக்குள்ளே கருத்து ஒன்றாக இல்லை. காற்றில் சுழலும் முன்சக்கரத்தை இடப்பக்கம் திருப்பினால், கைரோஸ்கோப் விளைவால் வண்டிக்கு வலப்பக்கம் சாயும் உந்துதல் கிடைக்கும். இயற்பியல் இதில் தெளிவு. ஆனால் அந்த உந்துதல் ஹேண்டில் திரும்பிக்கொண்டிருக்கும் நேரத்துக்கு மட்டும்தான், அதுவும் சக்கரம் வேகமாகச் சுழலும்போதுதான். விலகும் பக்கத்துக்கு எதிராக ஹேண்டிலைத் திருப்பி நிமிர்த்துகிறோம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், நல்ல ஓட்டுநர்கள்தான். அவர்களைக் கவனித்தால் ஹேண்டிலோடு சேர்ந்து தோளும் இடுப்பும் நகர்வதைக் காணலாம். இதில் எவ்வளவு பங்கு ஹேண்டிலுக்கு, எவ்வளவு உடலுக்கு என்று அனுபவத்தை மட்டும் வைத்துப் பிரித்துவிட முடியாது. நான் புதியவர்களுக்குச் சொல்வது: ஹேண்டிலை நேராக வை, இடுப்பால் திருத்து. ஹேண்டில் கோணலாக இருக்கும்போது தரை தொட்டால் என்ன ஆகும் என்பது அடுத்துச் சொல்கிறேன்.

இறங்கும்போது முன்சக்கரம் நேராக இருக்க வேண்டும், சுழன்றுகொண்டிருக்க வேண்டும். கோணலாகத் தொட்டால் ஹேண்டில் இடமும் வலமுமாக அடித்துக்கொள்ளும், அந்த ஆட்டத்தில் கையிலிருந்து பறிபோனதைப் பார்த்திருக்கிறேன். பழக்கத்தில் விரல் முன் பிரேக்கைத் தொட்டுவிட்டால் காற்றிலிருக்கும் சக்கரம் உடனே நின்றுவிடும். அதைப் பிடித்தபடியே தரை தொட்டால் முன் டயர் பூட்டிக்கொண்டு சறுக்கும். வீலி பழகும்போது முன் பிரேக் லீவர் மேல் விரல் இருக்கக் கூடாது. மென்மையாக இறங்க, கடைசிச் சாண் உயரத்தில் த்ராட்டிலைச் சற்றே திரும்பக் கொடுங்கள். விழுவது மிதந்து இறங்குவதாக மாறும்.

உங்கள் வண்டியில் என்னென்ன மின்னணு உதவிகள் இருக்கின்றன என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் இது முக்கியம். டிராக்ஷன் கன்ட்ரோல் முன், பின் சக்கரங்களின் வேகத்தை ஒப்பிடுகிறது. காற்றில் முன்சக்கரம் மெதுவாகும்போது, பின்சக்கரம் வழுக்குகிறது என்று அது எண்ணி எஞ்சினின் இழுவையை வெட்டும், முன்பக்கம் எதிர்பாராமல் விழும். 2015இல் வந்த யமஹா ஆர்1 போன்ற வண்டிகளில் ஆறு அச்சு உணரியைக் கொண்டு முன்சக்கரம் எழுவதையே அளந்து கட்டுப்படுத்தும் அமைப்பு உண்டு. அதன் நோக்கம் சக்கரத்தைத் தாழ்வாக வைத்து வண்டியை வேகமாக முடுக்குவது, சமநிலைப் புள்ளியில் தாங்கி நிற்பது அல்ல. இவற்றைவிட எனக்குக் கவலை தருவது சிறிய வண்டிகளில் வரும் கூட்டு பிரேக். பின் பெடலை மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு அது. வீலியில் உங்களைக் காப்பாற்றும் அதே மிதி, காற்றிலுள்ள முன்சக்கரத்தை நிறுத்திவிடும். அப்படிப்பட்ட வண்டியில் வீலி பழக வேண்டாம் என்றுதான் சொல்வேன். பிரேக் அமைப்பைக் கழற்றி மாற்றி, அதே வண்டியைச் சாலையிலும் ஓட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பொருட்களைப் பற்றிக் கேட்டீர்கள். ஸ்டீயரிங் டேம்பர் இறங்கும்போது வரும் ஆட்டத்தை அடக்கும், காற்றில் இருக்கும் வண்டியை நேராக்காது. அகலமான டயர் பக்கவாட்டு நிலைக்குக் குறிப்பிடும்படி உதவி நான் பார்க்கவில்லை. ரிம்முக்குப் பொருந்தாத அகலம் டயரின் வடிவத்தையே கெடுத்து, சாயும்போது நடத்தையை மோசமாக்கும். காற்றைக் குறைப்பது, மிக மெதுவான வேகத்தில் வட்டமிடும் ஸ்டண்ட் ஓட்டுநர்களின் முறை. டயர் தரையை அகலமாகப் பிடிக்கும் என்பது உண்மை, ஆனால் வேகத்தில் அது சூடேறும், பக்கவாட்டில் நெளியும். பழகும் நிலையில் தயாரிப்பாளர் சொன்ன அளவே இருக்கட்டும். பணமும் நேரமும் செலவிட வேண்டிய இடங்கள் வேறு. செயின் தளர்ந்திருந்தால் த்ராட்டிலின் ஒவ்வொரு சிறு அசைவும் உதையாக வரும். த்ராட்டில் கேபிளில் அதிகத் தளர்வு இருந்தால் கையின் நுணுக்கம் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. பின் சஸ்பென்ஷன் மிகவும் மென்மையாக இருந்தால் வண்டி குதித்துக் குதித்து ஓடும், அந்தக் குதிப்பு அப்படியே முன்பின் ஆட்டமாக மாறும். பிரீலோடை (ஸ்பிரிங்கின் தொடக்க இறுக்கத்தை) ஓரிரு படி ஏற்றிப் பாருங்கள். பின் பிரேக் பேடும் பெடலின் உயரமும் எல்லாவற்றுக்கும் முதலில் வரும்.

கியரைப் பொறுத்தவரை நீங்கள் இரண்டாவதில் பழகுவது சரியே. முதல் கியரில் த்ராட்டிலின் சிறு அசைவுக்கும் பெரிய எதிர்வினை வரும், கை பழகாதவரை வண்டி துள்ளிக்கொண்டே இருக்கும். எஞ்சின் பலம்தான் எல்லாம் என்ற எண்ணத்தையும் விட்டுவிடலாம். 1984இல் டக் டொமோகோஸ் அமெரிக்காவின் டாலடேகா பந்தயத் தடத்தில் 145 மைல், அதாவது ஏறத்தாழ 233 கி.மீ., பின்சக்கரத்திலேயே ஓட்டினார். 1991 மே 5 அன்று ஜப்பானின் சுகுபாவில் யசுயுகி குடோ இடைவிடாமல் 331 கி.மீ. ஓட்டினார். அவர் ஓட்டியது ஹோண்டாவின் டிஎல்எம்220ஆர், டிரயல்ஸ் போட்டிக்கான இலகுவான 220 சிசி வண்டி. சமநிலைப் புள்ளியில் எஞ்சினுக்கு வேலை மிகக் குறைவு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. மறுமுனையில், 1999இல் பேட்ரிக் ஃபர்ஸ்டன்ஹாஃப் மணிக்கு 307.86 கி.மீ. வேகத்தில் வீலி ஓட்டினார். அந்த வேகத்தில் நிமிர்ந்த வண்டியின் அடிப்பகுதி பாய்மரம்போல் காற்றை வாங்கும். காற்று பின்னால் தள்ளுவதால் மிகத் தாழ்ந்த கோணத்திலேயே சமநிலை வந்துவிடும். இரண்டும் வீலிதான் என்றாலும் ஒன்றில் கற்ற கோணம் மற்றொன்றில் உதவாது.

எஞ்சினுக்கும் ஒரு வார்த்தை. வண்டி நிமிர்ந்து நிற்கும்போது ஆயில் பின்பக்கம் வழிந்துபோய், ஆயில் பம்ப் காற்றை உறிஞ்ச வாய்ப்பு உண்டு. சில நொடி வீலிகளில் இது பெரிதல்ல. நீண்ட நேரம் நிற்கப் பழகியதும் ஆயில் அளவை ஒவ்வொரு முறையும் பாருங்கள், எச்சரிக்கை விளக்கு எரிந்தால் உடனே இறக்குங்கள். பலமாக இறங்கிய நாட்களுக்குப் பிறகு முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, ஹேண்டிலை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நேர்நிலையில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் தட்டினால் ஸ்டீயரிங் பேரிங்கின் பாதையில் குழி விழுந்திருக்கிறது என்று பொருள். ஃபோர்க் சீல் கசிகிறதா, ரிம் நெளிந்திருக்கிறதா என்பதையும் அதே நேரத்தில் பார்த்துவிடலாம்.

பின்னால் கவிழும் நாள் வந்தால், பிரேக்கும் காப்பாற்றவில்லை என்றால், வண்டியை விட்டுவிடுங்கள். ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டே இருப்பவர் மேல்தான் வண்டி விழுகிறது. காலை ஊன்றிப் பின்னால் இறங்கி விலகிவிட்டால் பெரும்பாலும் உடைவது வண்டியின் வால்பகுதி மட்டும்தான். இது மெதுவான வேகத்தில் மட்டுமே நடக்கக்கூடியது, அதனால்தான் மெதுவாகப் பழகச் சொல்கிறேன். முழு முக ஹெல்மெட், முதுகுக் காப்பு, இடுப்பு எலும்புக்கும் வால் எலும்புக்கும் பஞ்சு வைத்த உள்ளாடை, கணுக்கால் மூடும் பூட்ஸ் இல்லாமல் என் திடலில் யாரையும் ஏற விடுவதில்லை. பொதுச் சாலையில் இதைச் செய்வதைப் பற்றி என்னிடம் ஆலோசனை கேட்காதீர்கள். முன்சக்கரம் மேலே இருக்கும்போது உங்களால் திரும்ப முடியாது, சரியாக நிறுத்த முடியாது, எதிரே குழந்தை வந்தால் பார்க்கக்கூட முடியாது. உங்கள் உடலை நீங்கள் பணயம் வைக்கலாம், அந்தக் குழந்தையை வைக்க உங்களுக்கு உரிமை இல்லை.

இந்த வாரம் எதையும் வாங்க வேண்டாம். கைபேசியை ஒரு நண்பரிடம் கொடுத்து, நேர் பின்னாலிருந்து பத்து முயற்சிகளைப் படம்பிடிக்கச் சொல்லுங்கள். பின் சீட்டின் நடுக்கோட்டுக்கும் உங்கள் முதுகெலும்புக்கும் இடையே எவ்வளவு விலகல் இருக்கிறது, வலது பாதம் எங்கே இருக்கிறது, வலது முழங்கால் டேங்கைத் தொடுகிறதா என்று நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தும் வண்டி இடப்பக்கமே போனால், பின்சக்கர நேர்ச்சையையும் ஸ்விங்ஆர்மையும் அளந்து, அந்த அளவுகளோடு திரும்ப எழுதுங்கள்.